சைனீஸ் சைவ்ஸ் (பூண்டு வாசம் அடிக்கிற, வெங்காயக் குடும்பத்துக் கீரை) விதை முளைக்கலையா?

மூணு வாரமா ஈரம் காயாம வச்சும் ஒண்ணுகூட தலைகாட்டலைன்னா, முதல் சந்தேகம் விதைமேலதான். வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுசு குறைவு. ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்புத்திறன் மளமளன்னு இறங்கிடும். பாக்கெட்டுல பேக் பண்ண தேதியைப் பாருங்க.

மிச்ச விதையில பத்தை எடுத்து ஈரத்துணியில மடிச்சு நிழல்ல வைங்க. ரெண்டு வாரத்துல அஞ்சாறு முளைவிட்டா விதை நல்லதுதான். அப்போ நீங்க ரொம்ப ஆழமா போட்டதுதான் காரணமா இருக்கும். கால் அங்குலம் மண் மூடினா போதும். முளை கொக்கி மாதிரி வளைஞ்சு, கறுப்பு விதைத்தோலை நுனியில சுமந்துக்கிட்டு வரும். புல்லுன்னு பிடுங்கிடாதீங்க!

ஒண்ணு: குழாய் இலை உள்ள சாதா சைவ்ஸா இருந்தா சென்னை மாடி வெயில் அதுக்கு ஆகாது. பூண்டு வாசம் அடிக்கிற தட்டை இலை சைனீஸ் சைவ்ஸ்தான் தாங்கும். அதுலயும் வளர்ந்த தூரைப் பிரிச்சு யாராவது கொடுத்தா, விதையைவிட அதுதான் நிச்சயம்.