அமெரிக்க வேலை விசாவைக் கனடாவில் போய்ப் புதுப்பிக்கலாமா?

தம்பி, டெக்சாசில் எச்-1பி என்ற வேலை விசாவில் வேலை, கடவுச்சீட்டில் ஒட்டிய விசா ஸ்டிக்கர் முடிந்துவிட்டது, மட்டக்களப்புக்கு வராமல் ரொறன்ரோவில் புது விசா குத்தி வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முன்பு பலர் அப்படிச் செய்தார்கள். 2025 செப்டம்பரில், சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லிவிட்டது. உங்களுக்கு அது கொழும்பு, காலி வீதித் தூதரகம்.

பதறாதீர்கள். ஸ்டிக்கர் உள்ளே நுழைவதற்குத்தான். தங்குவதற்கு ஐ-94 திகதியைப் பாருங்கள்; அதுதான் நீங்கள் உள்ளே வந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு.

கனடாவில் மாமி வீட்டுக் கலியாணத்துக்கு மட்டும் போகிறீர்களா? சரி, 30 நாளுக்குள் திரும்பினால், ஐ-94 செல்லுபடியானால், பழைய ஸ்டிக்கரோடே பொதுவாக வரலாம். அங்கே விசாவுக்கு விண்ணப்பித்தீர்களோ, இந்தச் சலுகை போச்சு. புது விசா கிடைக்காமல் திரும்ப முடியாது. நம் கடவுச்சீட்டுக்குக் கனடா விசாவும் வேறு வேண்டும்.

ஆகவே லீவு எடுத்து ஊருக்கே வாருங்கள். நேர்முகம் சரிவந்தால் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எனவே திகதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். என் மச்சான் மலிவு டிக்கெட்டை எடுத்துவிட்டு, மூன்று நாள் பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்று, கடவுச்சீட்டு வந்ததா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.