ரெண்டு ராத்திரி அபார்ட்மெண்ட் ஸ்டே: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஏழெட்டு வருஷமா லீவு கிடைச்சா அடுத்தவங்க பிளாட்லதான் தூங்குறேன், நடுவுல ரெண்டு வருஷம் நண்பரோட பிளாட்ட நாள் வாடகைக்கு விட்டு சாவி குடுத்து பெட்ஷீட் மாத்தின ஆளும் நான்தான், அதனால ரெண்டு பக்கத்து கதையும் தெரியும். வந்த கேள்விக்கெல்லாம் கீழ பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: ஹோட்டல விட அபார்ட்மெண்ட் சீப்புன்னு எல்லாரும் சொல்றாங்களே, நிஜமாவா?

பதில்: ஒரு வாரம் தங்குனா சரி, ரெண்டு ராத்திரிக்குன்னா கணக்கு போட்டுப் பாக்கணும். கிளீனிங் ஃபீஸ் ஒரே தடவதான் வாங்குவாங்க, நீங்க ஒரு ராத்திரி இருந்தாலும் ஏழு ராத்திரி இருந்தாலும் அதே காசு, ஏழால வகுத்தா கண்ணுக்குத் தெரியாது, ரெண்டால வகுத்தா சுருக்குன்னு இருக்கும். மேல பெருசா போட்டிருக்க ரேட்ட விட்டுட்டு கடைசி பக்கத்துல வர மொத்தத்த ராத்திரியால வகுங்க. ரெண்டு பேர் மட்டும்னா நான் ஹோட்டலுக்கே போயிடுவேன். நாலு பேர், கூட ஒரு குழந்தைன்னா அபார்ட்மெண்ட்தான், ஒரு ரூம்ல தூங்க வச்சுட்டு இன்னொரு ரூம்ல உக்காந்து பேசலாம்ல, அதுக்கே காசு குடுக்கலாம்.

கேள்வி: போட்டோல பளபளன்னு இருக்கு. எந்த அளவுக்கு நம்புறது?

பதில்: வைட் லென்ஸ்ல எடுத்தா அலமாரி கூட ஹால் மாதிரி தெரியும். அதனால எந்த போட்டோ இல்லன்னு பாருங்க. பாத்ரூம் இல்லையா, ஜன்னலுக்கு வெளிய என்ன இருக்குன்னு ஒண்ணு கூட இல்லையா, அங்கதான் விஷயம் இருக்கு. ரிவ்யூவ புதுசுலேர்ந்து படிங்க, ஒருத்தர் புலம்புறத விடுங்க, மூணு பேர் தனித்தனியா "ராத்திரி சத்தம்"னு எழுதியிருந்தா அது சத்தம்தான். பெரும்பாலும் சரியான அட்ரஸ் புக் பண்ண அப்புறம்தான் காட்டுவாங்க, அதனால முன்னாடியே எத்தனாவது மாடி, லிஃப்ட் ஓடுதா, பெட்ரூம் ஜன்னல் ரோட்டுப் பக்கமா, பக்கத்துல கட்டட வேலை நடக்குதான்னு ஹோஸ்ட (வீட்ட வாடகைக்கு விடுறவர) கேட்டுடுங்க. ஆப்புக்குள்ளயே கேளுங்க, நாளைக்கு பிரச்சனைன்னா அந்த மெசேஜ்தான் சாட்சி.

கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்குத்தான் போய் சேருவோம். கீபேட் லாக்னு (நம்பர் அழுத்தி திறக்குற பூட்டு) போட்டிருக்கு, பிரச்சனை இல்லையே?

பதில்: கீபேட்ல பிரச்சனை இல்ல, அதுக்கு முன்னாடி இருக்க கதவுலதான். எனக்கு ஒரு தடவ பிளாட் கோட் பத்திரமா அனுப்பிட்டாங்க, பில்டிங் மெயின் டோருக்கு வேற கோடுன்னு சொல்லவே இல்ல, நாப்பது நிமிஷம் பெட்டியோட வாசல்ல நின்னேன், ஹோஸ்ட் நல்லா தூங்கிட்டாரு. அன்னையிலேர்ந்து ஒரே கேள்விதான் கேப்பேன்: ரோட்டுலேர்ந்து படுக்கை வரைக்கும் எத்தன கதவு, ஒவ்வொண்ணும் எப்படி திறக்கும்? சில இடத்துல லிஃப்டுக்கே கார்டு வேணும். பதில ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, கீழ்த்தளத்துல சிக்னல் இல்லாம போகும்.

கேள்வி: ஒளிச்சு வச்ச கேமரா பயமா இருக்கு. போன்ல கண்டுபிடிக்கலாமாமே?

பதில்: ஓரளவுக்குத்தான். இருட்டுல படம் எடுக்குற கேமராவுல இன்ஃப்ராரெட் லைட் எரியும், ரூம இருட்டாக்கி போனோட முன் கேமராவுல பாத்தா சின்ன புள்ளியா தெரியலாம் (பின் கேமராவுல பெரும்பாலும் அத வடிகட்டிடும்). ஆனா அந்த லைட்டே இல்லாத கேமரா இதுல சிக்காது. அதனால கட்டிலயும் பாத்ரூமையும் பாத்த மாதிரி இருக்க கடிகாரம், சார்ஜர் அடாப்டர், ஸ்மோக் டிடெக்டர் இதுல கண்ணாடி மாதிரி ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏர்பிஎன்பில (இந்த மாதிரி வீடு புக் பண்ற ஆப்) 2024 ஏப்ரல் 30லேர்ந்து வீட்டுக்குள்ள கேமராவே கூடாது, முன்கூட்டியே சொல்லிட்டு வச்சாலும் தப்புதான். வாசல்ல இருக்கலாம், ஆனா அத சொல்லியிருக்கணும்.

கேள்வி: இண்டக்ஷன் அடுப்புல பாத்திரம் வச்சா பீப் பீப்னு கத்தி ஆஃப் ஆயிடுது. ரிப்பேரா?

பதில்: அடுப்பு நல்லாத்தான் இருக்கு, பாத்திரம்தான் ஒத்து வரல. அடியில காந்தம் ஒட்டுனா சூடாகும், வெறும் அலுமினியம், செம்பு எல்லாம் ஆகாது. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு காந்தம் இருக்கும், எடுத்து ஒட்டிப் பாருங்க.

கேள்வி: போன தடவ ஏற்கனவே இருந்த கீறலுக்கு எங்ககிட்ட காசு கேட்டாங்க. எப்படி தப்பிக்கிறது?

பதில்: பெட்டிய திறக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷ வீடியோ, கிளம்புறப்போ இன்னொண்ணு. டேபிள் மேற்பரப்பு, மெத்தை, டிவி, பாத்ரூம் கண்ணாடி, இது போதும். அந்த ரவுண்டுலயே சுடுதண்ணி, ஏசி, வைஃபை மூணையும் போட்டுப் பாத்துடுங்க, ஏதாவது இல்லன்னா அப்பவே மெசேஜ் போடுங்க. ஏர்பிஎன்பில கண்டுபிடிச்ச 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்னு கணக்கு, ஆனா வீட்டுக்கு வந்து உக்காந்து சொன்னா யார் நம்புவா? நான் சாவி குடுத்த காலத்துல முதல் மணி நேரத்துல வந்த புகார்தான் உண்மைன்னு படும், செக்அவுட் அன்னைக்கு வந்தா காசு திரும்ப வாங்க பாக்குறாங்கன்னுதான் தோணும், அது சரியோ தப்போ.

கேள்வி: மோசமா ரிவ்யூ எழுதுனா அவங்களும் பதிலுக்கு எழுதிடுவாங்களே?

பதில்: ஏர்பிஎன்பில ரெண்டு பேரும் எழுதுற வரைக்கும், இல்லன்னா 14 நாள் முடியுற வரைக்கும் யாருக்கும் காட்டாது. தைரியமா எழுதுங்க.

கேள்வி: நண்பர்கள் பத்து பேர் சனிக்கிழமை ராத்திரி வந்துட்டுப் போவாங்க, சொல்லணுமா?

பதில்: சொல்லணும், சொன்னா வேண்டாம்னுதான் சொல்வாங்க. ஏர்பிஎன்பில 2020ல தற்காலிகமா வந்த பார்ட்டி தடை 2022ல நிரந்தரமாயிடுச்சு. சில நகரத்துல சட்டமே இறுக்கம், நியூயார்க்ல 30 நாளுக்கு கம்மின்னா ஹோஸ்டும் அதே வீட்டுல இருக்கணும், ரெண்டு விருந்தாளிக்கு மேல கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் திங்கக்கிழமை வேலைக்குப் போற குடும்பம் தூங்குது, அதையும் பாருங்க.

கேள்வி: கிளம்பும்போது பெட்ஷீட் மடிக்கணுமா?

பதில்: மடிக்காதீங்க! மடிச்சு வச்சா எது போட்டது எது போடாததுன்னு தெரியாம எல்லாத்தையும் துவைப்போம். குப்பைய கட்டி வைங்க, பாத்திரம் கழுவுங்க, கட்டிலுக்குப் பின்னாடி பிளக்க பாருங்க. என்கிட்ட இன்னும் பதினோரு சார்ஜர் இருக்கு, யாரும் கேட்டு வரல.