மலையோட்டக்காரர்கள் ஏன் சீக்கிரம் ஓய்ந்துபோகிறார்கள்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: உடம்பு ஒத்துழைக்க மறுக்கும் நாள். ஷூ, ஜெல், தலைவிளக்கு பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவற்றை அடுத்த முறை பார்க்கலாம்.

2010 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் அல்ட்ரா, அதாவது மாரத்தானைவிட நீண்ட தூரம், ஓட ஆசை வந்தது. ஆனால் அதில் முதல் மூன்று இடங்களில் வந்தவர்களில் இரண்டு பேரின் பெயர் இப்போது எங்கும் காணவில்லை. இந்த விளையாட்டில் மூன்று நான்கு வருடம்தானா ஆயுள்? எனக்கு 24 வயது.

தம்பி, நல்ல பந்தயத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் தொடங்கி ஆபர்ன் ஊரில் முடியும் 161 கிலோமீட்டர். அன்று ஜெஃப் ரோஸ் 15 மணி 7 நிமிடத்தில், அதுவரை யாரும் ஓடாத நேரத்தில் வென்றார். இரண்டாவதாக ஆன்டன் க்ருபிச்கா, மூன்றாவதாக 22 வயது கிலியன் ஜோர்னே.

ரோஸ் அதற்கு முந்தைய ஆண்டும் அந்த ஆண்டும் வட அமெரிக்காவின் சிறந்த அல்ட்ரா ஓட்டக்காரராகத் தேர்வானவர். அடுத்த ஆண்டு அதே பந்தயத்தைப் பாதியில் விட்டார், அப்புறம் எதனால் என்றே பிடிபடாத உடல்நலக் குறைவு, கொஞ்ச காலத்தில் உச்சநிலைப் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். க்ருபிச்கா சில வாரங்களில் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் வரை ஓடியவர். கொலராடோவின் லெட்வில் 100 மைல் பந்தயத்தை 2006, 2007 என இரண்டு முறை வென்ற அவரைக் கால் காயங்கள் திரும்பத் திரும்ப வீட்டில் உட்கார வைத்தன, பின்னாளில் சைக்கிள் பக்கம் போனார். 2012-இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸை முதன்முதலாக 15 மணி நேரத்துக்குள் முடித்த டிமதி ஓல்சன் 2013-லும் வென்றார், அதன்பின் அவருக்கும் அதே சரிவு.

ஜோர்னே? 2025-இல் அதே பந்தயத்துக்குத் திரும்பி வந்தார். 37 வயதில் மீண்டும் மூன்றாமிடம், நேரம் 14 மணி 19 நிமிடம். 2010-இல் ஓடியதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் வேகம்.

அவரது உடல்வாகு வேறு, பிரனீஸ் மலையில் வளர்ந்தவர், எல்லாம் உண்மைதான். ஆனால் நான் அதிகம் கவனிப்பது அவருடைய ஆண்டு எப்படி ஓடுகிறது என்பதை. பனிக்காலம் வந்தால் ஓட்டத்தை ஓரங்கட்டிவிட்டு ஸ்கீ மலையேற்றத்துக்குப் போய்விடுவார், அதிலும் உலகச் சாம்பியன். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை குறையாது, ஆனால் கீழ்நோக்கி இறங்கும்போது தொடையிலும் முழங்காலிலும் விழும் அடி அந்த மாதங்களில் இல்லவே இல்லை. ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி பந்தயத்தை நான்கு முறை வென்ற பிரான்ஸ்காரர் ஃபிரான்சுவா த'ஏன் பல ஆண்டுகள் திராட்சைத் தோட்டம் வைத்து ஒயின் தயாரித்தவர், ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பெரிய ஓட்டங்கள்.

சீக்கிரம் ஓய்ந்தவர்களின் கதைகளில் பெரும்பாலும் ஒரே வரிசையைப் பார்க்கிறேன். திடீரென்று ஒரு பெரிய வெற்றி. உடனே அழைப்புகள், ஸ்பான்சர். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பரிசுப்பணம் கிடையாது, ஜெயித்தால் ஒரு கூகர் (மலைச்சிங்கம்) சிலைதான், அதனால் பிழைப்பு ஸ்பான்சரை நம்பி இருக்கிறது, ஸ்பான்சருக்கோ நீங்கள் தொடர்ந்து கண்ணில் பட வேண்டும். முதல் ஆண்டு ஐந்து பந்தயம், அடுத்த ஆண்டு எட்டு. உடம்பு தாங்குகிறது, இன்னும் வேகம்கூட வருகிறது, அதுதான் ஏமாற்றுகிறது, ஏனென்றால் அந்த வேகம் கடனில் வாங்கியது.

விலகியவர்கள் எல்லோரையும் உடைந்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம். கைல் ஸ்காக்ஸ் 2008-இல் கொலராடோவின் ஹார்ட்ராக் 100 மைல் பந்தயத்தை முதன்முதலாக 24 மணி நேரத்துக்குள் ஓடிவிட்டு, போட்டியை விட்டு விவசாயம் பார்க்கப் போனார். அவருக்கு நிலம் பிடித்தது, போனார், அவ்வளவுதான்.

வெறும் களைப்புக்கும் ஓவர்டிரெயினிங்குக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது? ரத்தப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா?

இதை மட்டும் உறுதியாகச் சொல்லும் ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்ற காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வர முடியும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்துச் சேமிப்பு), தைராய்டு, வைட்டமின் டி, சர்க்கரை, ஆணாக இருந்தால் டெஸ்டோஸ்டிரோன், இவற்றையெல்லாம் முதலில் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்துக் குறைவை ஓவர்டிரெயினிங் என்று நினைத்து எட்டு மாதம் ஓடாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

விளையாட்டு மருத்துவர்கள் மூன்று படி வைத்திருக்கிறார்கள். கடும் பயிற்சிக்குப் பின் தளர்ந்து, சில நாளிலோ ஓரிரு வாரத்திலோ முன்பைவிடப் பலமாக எழுந்தால் அது நல்லது, பயிற்சியின் நோக்கமே அதுதான். வாரங்கள், மாதங்கள் ஆகியும் பழைய நிலைக்குத்தான் திரும்பினீர்கள் என்றால் அளவு மீறிவிட்டது. ஓய்வெடுத்தும் பல மாதங்களாக மீளவே இல்லை, மனநிலையும் தூக்கமும் சேர்ந்து கெட்டுப்போயிருக்கின்றன என்றால் அதைத்தான் ஓவர்டிரெயினிங் சிண்ட்ரோம் என்கிறார்கள். உள்ளே இருக்கும்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாது, எத்தனை நாளில் மீண்டோம் என்று பின்னால் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும், கஷ்டமே அதுதான்.

அதனால் சின்ன அறிகுறிகளை நம்புங்கள். உடம்பு அசந்திருந்தும் இரவு மூன்று மணிக்கு விழிப்பு. பசி குறைவது. வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுவது. பலர் காலை நாடித்துடிப்பு கூடினால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள், நீண்டதூர ஓட்டக்காரர்களுக்கு நேர்மாறாகவும் நடக்கும்: மேட்டில் மூச்சுமுட்ட ஏறுகிறீர்கள், கடிகாரத்தில் துடிப்பு ஏற மாட்டேன் என்கிறது. எனக்கு அப்படித்தான் வந்தது. துடிப்பு குறைந்திருக்கிறதே, ஃபிட்னஸ் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னும் ஆறு வாரம் ஓடினேன், அதற்கு விலையாக ஒரு வருடம் போனது. காலையில் மாடிப்படி ஏறும்போதே தொடை எரிந்தது, அப்போதும் நான் கேட்கவில்லை. இன்று என்னிடம் பயிற்சி பெறுபவர்களிடம் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்கிறேன், கிலோமீட்டரை அப்புறம் பார்க்கிறேன்.

'அட்ரினல் ஃபடீக்' (அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது) என்று சொல்லி ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பிடலாமா?

அந்தப் பெயரில் ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கங்கள் ஏற்கவில்லை. உங்கள் களைப்பு நிஜம், அதில் சந்தேகமே இல்லை, அந்தப் பெயர்தான் தவறு. இப்படி விற்கும் சில மாத்திரைகளில் ஹார்மோன் கலந்திருக்க வாய்ப்புண்டு, அது அட்ரினல் சுரப்பியின் சொந்த வேலையையே கெடுக்கும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், ஒரு எண்டோகிரைனாலஜிஸ்டிடம் டப்பாவோடு போங்கள்.

மாதவிடாய் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆனால் எடை குறைந்து, 50 கிலோமீட்டரில் என் நேரமும் குறைந்திருக்கிறது. உடன் ஓடும் அக்காக்கள் 'ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம்' என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

ஆமாம். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நிறைய பேருக்கு நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாதும்மா. மூன்று மாதம் வரவில்லை என்றாலே காரணம் தேட வேண்டும், கர்ப்பம், தைராய்டு, பிசிஓஎஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

அவை இல்லை என்றால், ஓடுகிற அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ஓட்டத்துக்குச் செலவான சக்தி போக மிச்சம் இருப்பதை வைத்துத்தான் உடம்பு மற்ற குடும்பச் செலவுகளைப் பார்க்க வேண்டும்; மிச்சம் போதவில்லை என்றால் உடனடித் தேவை இல்லாதவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தும், அதில் முன்னால் நிற்பது கருப்பை. பின்னாலேயே எலும்பு. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் அடர்த்தி போகும், போனதில் ஒரு பங்கு திரும்பி வராமலே போகலாம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலோ இடுப்பிலோ மயிரிழை முறிவு வந்து உட்கார்ந்த பிறகு சாப்பிட ஆரம்பிப்பவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்துவிட்டது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் கொடுத்தபோது ஆண்களையும் சேர்த்தே சொன்னது. ஆண்களுக்குக் காட்டிக்கொடுக்க மாதவிடாய் இல்லை, காலை விறைப்பும் ஆசையும் குறைவதுதான் அவர்களுக்கு அடையாளம், அதை யாரும் வெளியே சொல்வதில்லை.

கருத்தடை மாத்திரை கொடுத்து ரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அந்த ரத்தப்போக்கு மாத்திரையால் வருவது, எலும்புக்கு அது உத்தரவாதம் தராது. சாப்பாட்டைக் கூட்டி, ஓட்டத்தைக் குறைத்து, மாதவிடாய் தானாக வர வேண்டும். முக்கியமாக, ஓடி முடித்த அரை மணிக்குள் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். இட்லியா, பொங்கலா, முட்டையா என்பது இரண்டாம்பட்சம். காலை பத்துக்கு வந்துவிட்டு மதியச் சாப்பாடு வரை காபியோடு ஓட்டுவதுதான் நம் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது.

எனக்கு 46. 100 மைல் பற்றி இப்போது யோசிப்பது அசட்டுத்தனமா?

இத்தாலியின் மார்கோ ஓல்மோ யூடிஎம்பி-யை முதல்முறை வென்றபோது 57 வயது. மறு ஆண்டு 2007-இல் மீண்டும் வென்றார். மோன் பிளாங்கைச் சுற்றி மூன்று நாடுகள் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர். 2024-இல் கொலராடோவின் ஹார்ட்ராக்கில் லுடோவிக் பொம்ரே 21 மணி 33 நிமிடத்தில் ஓடி, ஜோர்னே 2022-இல் வைத்த சாதனையை மூன்று நிமிட வித்தியாசத்தில் முறியடித்தார். பொம்ரேக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. டிம் ட்விட்மையர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸை 24 மணி நேரத்துக்குள் 25 முறை முடித்திருக்கிறார், அதில் ஐந்து வெற்றி.

இவ்வளவு தூரத்தில் உச்ச வேகம் பெரிதாகக் கைகொடுக்காது. வயிற்றைக் கவனிப்பது, இருட்டில் நிதானம் தப்பாமல் இருப்பது, இறக்கத்தில் தொடையைக் காப்பது, இவையெல்லாம் வயதோடு கூடுபவை. குறைவது தசையும், மீளும் வேகமும். அதனால் வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி கட்டாயம், கடினமான ஓட்டங்களுக்கு நடுவே 30 வயதில் விட்டதைவிட ஒரு நாள் அதிகம் விடுங்கள். தொடங்குமுன் ஒரு இதயப் பரிசோதனை. பல பத்தாண்டுகள் கடுமையாக ஓடிய ஆண்களிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு சற்று அதிகம் காணப்படுகிறது, படபடப்போ மயக்கமோ வந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

வலிக்குப் பந்தயத்தின் நடுவில் ஐபுப்ரோஃபென்?

வேண்டாம். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டக்காரர்களிடமே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்: போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறையவில்லை, உடலில் அழற்சிதான் கூடியிருந்தது. நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு அது நேரடிச் சுமை.

கோர்ட்னி டவால்டர் 2023-இல் ஒரே கோடையில் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், ஹார்ட்ராக், யூடிஎம்பி மூன்றையும் வென்றார். அப்படியென்றால் பந்தயங்களுக்கு இடைவெளி வேண்டும் என்பதெல்லாம் சும்மாவா?

அவருக்கு முன் அதை யாரும் செய்ததில்லை, அதுவே பதில். அவர் பயிற்சியாளர் இல்லாமல், அட்டவணை இல்லாமல், அன்றன்று உடம்பு சொல்வதைக் கேட்டு ஓடியவர், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். நம்மில் பலர் யூடிஎம்பி-யில் இடம் பெறும் குலுக்கலுக்கு ஸ்டோன் (மற்ற பந்தயங்களில் ஓடிப் பெறும் குலுக்கல் சீட்டு) சேர்க்கவே ஆண்டு முழுக்கப் பந்தயம் பந்தயமாக ஓடுகிறோம், எனக்கு அந்த முறையில் வருத்தம் உண்டு. வேலைக்குப் போகிறவருக்கு ஆண்டுக்கு ஒரு 100 மைல், அதற்குத் தயாராக ஒன்றிரண்டு சிறியவை போதும்.

பெரிய பந்தயம் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை. மெடலை உள்ளே தூக்கி வைத்துவிட்டேன்.

எழுதியதற்கு நன்றி. பந்தயம் முடிந்த வெறுமை ஒன்றிரண்டு வாரம் எல்லோருக்கும் இருக்கும். இரண்டு மாதம் என்றால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது. 2014, 2015 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் வென்ற ராப் க்ராரும், அதே பந்தயத்தை மூன்று முறை வென்ற நிக்கி கிம்பலும் தங்கள் மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். ஓடினால் சரியாகிவிடும் என்று நினைத்து உடனே அடுத்த பந்தயத்தில் பெயர் கொடுத்துவிடாதீர்கள். இன்றே பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், எந்த நேரமும்.

ஒரு வருடமாக ஓடவில்லை. மருத்துவர் இப்போது மெதுவாகத் தொடங்கலாம் என்கிறார். எங்கிருந்து?

நடையிலிருந்து. நடந்த மறுநாள் காலையில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல், அந்த நாளின் உற்சாகம் அல்ல. இரண்டு வாரம் காலைகள் சரியாக இருந்தால் இடையிடையே ஒரு நிமிட ஓட்டம், பிறகு இரண்டு. கடிகாரத்தை வீட்டில் வையுங்கள், ஸ்ட்ராவா செயலியில் பழைய நேரங்களைத் திறந்து பார்க்காதீர்கள். மேலே சொன்ன டிமதி ஓல்சன் 2021-இல் அமெரிக்காவின் பசிபிக் க்ரெஸ்ட் மலைப்பாதையின் 4,200-க்கும் மேற்பட்ட கிலோமீட்டரை 51 நாளில் கடந்து சாதனை வைத்தார், அவரது கடைசி வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் வெற்றிக்கும் அதற்கும் இடையே எட்டு ஆண்டுகள். நாளை காலை இருபது நிமிடம் நடந்துவிட்டு, அடுத்த நாள் எப்படித் தூங்கி எழுந்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.