பன்னாட்டு வணிகம் படித்தால் வேலை உண்டா? ஒரு தாய்க்குப் பதில்

வணக்கம் அம்மா. உங்கள் பெண் பொருளாதாரம் படித்து, அப்புறம் பன்னாட்டு வணிகத்துக்குப் போக ஆசைப்படுகிறாள். "நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போடுவது டில்லிக்காரர்கள் வேலை, அதில் இவளுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் இருப்பது திருப்பூரில். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு நடக்க வேண்டிய வேலை உங்கள் ஊரில்தான் நிறைய இருக்கிறது.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தச் சமயத்தில் நம் பருத்தி டி-ஷர்ட்டுக்கு பிரிட்டனில் இறக்குமதி வரி இருந்தது. வளர்ச்சி குன்றிய நாடு என்ற சலுகையில் வங்கதேசத்து டி-ஷர்ட் வரியே இல்லாமல் போய் இறங்கியது. பல வருடமாக திருப்பூரை வாட்டிய இந்த வித்தியாசத்தைப் போக்கவும் ஒப்பந்தம் வழி செய்கிறது. ஆனால் வரி தானாகக் குறையாது. சரக்கு இந்தியாவில் உருவானது என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். வெளிநாட்டுத் துணியை வாங்கி இங்கே தைத்து மட்டும் அனுப்பினால் அது இந்தியச் சரக்கா? ஒவ்வொரு ஒப்பந்தமும் இதற்குத் தனி விதி வைத்திருக்கிறது. சுங்கத்துறை சரக்கை வகைப்படுத்தக் கொடுக்கும் எண்ணும் முக்கியம்: ஆண்கள் சட்டை பின்னலாடையாக இருந்தால் 6105, நெய்த துணியாக இருந்தால் 6205. எண் தப்பினால் சலுகை கைவிட்டுப் போகலாம், சரக்கும் துறைமுகத்தில் நிற்கலாம். இதைப் பிழையில்லாமல் பார்க்கத் தெரிந்த ஆட்களை ஏற்றுமதியாளர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

பி.ஏ. பொருளாதாரமோ பி.காமோ, எதுவானாலும் சரி. அடுத்து மேலாண்மைப் படிப்புக்கான கேட் (CAT) தேர்வு எழுதி, டில்லியில் உள்ள இந்திய அயல்நாட்டு வணிக நிறுவனத்தில் எம்.பி.ஏ. முயலலாம். யு.பி.எஸ்.சி. வழியாக இந்திய வர்த்தகப் பணியும் உண்டு. இடங்கள் மிகக் குறைவு, அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஏற்றுமதியாளர் சார்பில் சுங்கத்துறை வேலைகளை முடித்துத் தரும் சுங்கத் தரகர் ஆவதற்கான உரிமத் தேர்வு இன்னொரு வழி. ஆரம்பச் சம்பளம் சுமாராகத்தான் இருக்கும். அனுபவம் சேரச் சேர மதிப்பு கூடும் தொழில் இது.

இந்த விடுமுறையில் தெரிந்த ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் அவளைச் சில நாள் உட்காரச் சொல்லுங்கள். ஒரே ஒரு சரக்கின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையிடம் கொடுக்கும் படிவம்), பிறப்பிடச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். பிடித்திருந்தால் தைரியமாகச் சேருங்கள். அலுப்பாக இருந்தால், கல்லூரி விண்ணப்பம் போடுவதற்கு முன் அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.