களியக்காவிளையிலிருந்து சிரட்டை, ஓலைப் பொருள் விற்க எந்த ஷாப்பிங் கார்ட்?

கேள்வி: வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சிரட்டை அகப்பை, கிண்ணம், பனையோலைப் பெட்டி, கடவம் (பெரிய ஓலைக்கூடை) செய்கிறோம். அறுபது வகை இருக்கும். மாதம் நாற்பது ஆர்டர், பாதிக்கு மேல் கேரளாவுக்கு. இதுவரை வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. சொந்த இணையக் கடைக்கு எந்த கார்ட் மென்பொருள்: ஷாப்பிஃபையா, வூகாமர்ஸா, வேறேதாவதா?

பதில்: மூவரில் ஒருவருக்கு வாரம் அரைமணி நேரம் கணினி முன் உட்காரப் பொறுமை இருந்தால் வூகாமர்ஸ். இல்லையென்றால் ஷாப்பிஃபை. மாதம் பதினைந்து ஆர்டர் என்றால் வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கே போதும் என்றிருப்பேன். நாற்பதுக்கு யார் பணம் அனுப்பினார், எது விற்றுத் தீர்ந்தது என்று அரட்டைக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முதலில் காசுக் கணக்கு. ஷாப்பிஃபையின் சொந்தப் பணம் வாங்கும் சேவை இந்தியாவில் கிடையாது. வெளி கேட்வே (வாடிக்கையாளரிடம் பணம் வாங்கித் தரும் சேவை) இணைக்க வேண்டும், அதற்காக அடிப்படைத் திட்டத்தில் ஒவ்வொரு விற்பனைக்கும் 2% எடுக்கிறார்கள். கேட்வேயின் 2%, அதன்மேல் 18% ஜிஎஸ்டி என்று 2.36% தனி. 500 ரூபாய்க் கிண்ணத்தில் 21 ரூபாய் 80 காசு போய்விடும், மாத வாடகை வேறு. வூகாமர்ஸ், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் சேர்க்கும் இலவச நிரல். அதே கிண்ணத்துக்கு 11 ரூபாய் 80 காசோடு நிற்கும். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இடம்), டொமைன் (தளத்தின் பெயர்) செலவு உங்களுடையது. அப்டேட், பேக்கப் எல்லாம் நீங்களேதான் பார்க்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் ஷாப்பிஃபை காசு வாங்குகிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கேரள எல்லையை ஒட்டிய உங்கள் ஊருக்கு இதைவிட முக்கியமானது ஷிப்பிங் மண்டலம், அதாவது எந்தப் பகுதிக்கு எவ்வளவு அனுப்பும் கட்டணம் என்ற பிரிவு. மாநிலப் பெயரை வைத்துக் கட்டணம் போடும் கார்ட்டுக்கு, கூப்பிடு தூரத்தில் இருக்கும் பாறசாலை 'வெளிமாநிலம்', 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சென்னை 'உள்ளூர்'. கூரியர்காரரின் கணக்கோ பெரும்பாலும் நேர்மாறு. அதனால் பின்கோடை வைத்து மண்டலம் பிரிக்க முடியாத மென்பொருளைத் தொடவே வேண்டாம். வூகாமர்ஸில் மண்டலம் சேர்க்கும்போது கேரளாவைத் தேர்ந்து, பின்கோடு கட்டத்தில் 695* என்று போட்டால் திருவனந்தபுரம் பக்கம் முழுதும் வந்துவிடும். குமரி மாவட்டத்துக்கு 629*. மீதித் தமிழ்நாடு, மீதிக் கேரளா, பிறகு மற்ற மாநிலங்கள்.

பலரும் சறுக்குவது வரிசையில். மென்பொருள் மேலிருந்து கீழே பார்த்து, பொருந்தும் முதல் மண்டலத்தோடு நின்றுவிடும். 'கேரளா முழுதும்' மேலே, 695* கீழே இருந்தால் பாறசாலைக்காரர் கடைசிவரை தூரத்துக் கட்டணமே கட்டுவார். சின்ன மண்டலம் மேலே, பெரியது கீழே. 695502 (பாறசாலை), 629153 (களியக்காவிளை), 600001 (சென்னை), 517501 (திருப்பதி) நான்கையும் கார்ட்டில் போட்டுப் பார்த்த பிறகு கடையைத் திறங்கள்.

அடுத்தது எடை. ஓலைப் பொருள் விற்பவர்கள் நஷ்டப்படுவது இங்கேதான். கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையும் நிஜ எடையையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவார்கள். 30×30×25 அட்டைப்பெட்டியில் 700 கிராம் ஓலைப்பெட்டி வைத்தால் கணக்கில் 4.5 கிலோ. கடவம் என்றால் கேட்கவே வேண்டாம். வூகாமர்ஸில் நீள அகலம் எழுதக் கட்டம் உண்டு. ஆனால் அதனுடன் வரும் ஃபிளாட் ரேட் (நிலையான கட்டண முறை) அந்த எண்களைக் கண்டுகொள்ளாது. தனி பிளகின் (கூடுதல் நிரல்) வாங்குவதற்கு முன் ஷிப்பிங் கிளாஸ் (அனுப்பும் கட்டணத்துக்கான பொருள் வகை) மூன்று வையுங்கள்: சிரட்டைச் சாமான், சின்னப் பெட்டி, பெரிய பெட்டி. ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை. பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி மூன்றை ஒரு செட்டாக விற்றால் பார்சல் ஒன்றுதான். பாதித் தலைவலி அங்கேயே தீரும்.

கையால் செய்த பொருளில் இன்னொரு சிக்கல், பல உருப்படிகள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கார்ட்டில் போட்டதால் மட்டும் வூகாமர்ஸ் அதைப் பிடித்து வைக்காது. ஆர்டர் பதிவாகி, பணம் வரும்வரைதான் பிடித்துவைக்கும். இயல்பு அமைப்பு 60 நிமிடம். யூபிஐயில் பணம் போய்விட்டது, கேட்வேயிலிருந்து செய்தி மட்டும் உங்கள் தளத்துக்கு வரவில்லை என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆர்டர் ரத்தாகி அதே கிண்ணத்தை இன்னொருவர் வாங்கிவிடுவார். இருவருமே காசு கொடுத்திருப்பார்கள். கேட்வே டாஷ்போர்டில் வெப்ஹுக் (பணம் வந்த செய்தியைத் தளத்துக்குத் தானாக அனுப்பும் இணைப்பு) போடாமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம். அதைப் போட்டு, பத்து ரூபாய்க்கு ஒரு போலிப் பொருள் வைத்து, பணம் கட்டியதும் உலாவியை மூடிவிட்டுப் பாருங்கள். அப்படியும் ஆர்டர் 'செயலில்' என்று மாறினால் சரி. சொன்ன பிறகு செய்யும் பொருளுக்கு பேக்ஆர்டரை (கையிருப்பு இல்லாதபோதும் ஆர்டர் வாங்குவது) அறிவிப்போடு திறந்து, எத்தனை நாளாகும் என்பதை விவரத்தில் எழுதிவிடுங்கள். ஓணத்துக்கு முன் அந்த நாட்களைக் கூட்டவும் மறக்க வேண்டாம்.

வரி விஷயம். சாதாரணமாக ஒரு பொருள் மாநில எல்லையைத் தாண்டி விற்கப்பட்டாலே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கைவினைப் பொருளுக்கு 2018 அக்டோபர் அறிவிக்கையில் விலக்கு உண்டு: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள், பான் எண், கூடவே இ-வே பில் (சரக்குப் போக்குவரத்துக்கான மின்னணுச் சீட்டு). மற்றவர்களுக்குள்ள 50,000 ரூபாய் வரம்பு இதில் இல்லை. 300 ரூபாய் அகப்பை எல்லை தாண்டினாலும் இ-வே பில் வேண்டும். அஞ்சல் துறை வழியாகப் போகும் தபால் மூட்டைக்கு அது தேவையில்லை. சின்னப் பார்சலைத் தபாலில் விடச் சொல்வது இதனால்தான். வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண்ணில் ஓலைப்பெட்டி 4602-இல் வரும்; சிரட்டைச் சாமானின் எண் விலக்குப் பட்டியலில் உண்டா என்று கணக்கரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு இல்லாதவரை கார்ட்டில் வரியை முழுக்க அணைத்து வையுங்கள், வசூலிக்கவே கூடாது. அமேசான் போன்ற பொதுச் சந்தையில் பதிவில்லாமல் சேர்வதற்கு 2023 அக்டோபர் முதல் வழி உண்டு; ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். பாதி வாடிக்கையாளர் கேரளாவில் இருக்கும் உங்களுக்கு அது கதவைப் பாதி சாத்தியது போல.

பின்னால் பதிவு எடுத்தால் வூகாமர்ஸ் வரி அட்டவணையில் ஒரு பொறி இருக்கிறது. 5% பொருளுக்குத் தமிழ்நாட்டு வரிசையில் சிஜிஎஸ்டி (மத்திய பங்கு) 2.5 முன்னுரிமை 1, எஸ்ஜிஎஸ்டி (மாநிலப் பங்கு) 2.5 முன்னுரிமை 2. மாநிலம் காலியாக விட்ட ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கானது) 5-க்கும் முன்னுரிமை 1 தான்; ஒரே முன்னுரிமையில் பொருந்தும் ஒரு வரியை மட்டுமே மென்பொருள் எடுக்கும். அதற்கு 3 கொடுத்தால் மூன்று வரியும் சேர்ந்து, தமிழ்நாட்டுக்குள் இருக்கும் மார்த்தாண்டத்துக்காரரிடம் 10% பிடித்துவிடும்.

பொருளின் பெயரில் இரண்டு ஊர்ப் பேச்சும் இருக்கட்டும். நாம் சிரட்டை என்பதைச் சென்னையில் கொட்டாங்குச்சி என்று தேடுவார்கள்; அகப்பையை மலையாளத்தில் தவி என்பார்கள். ஓலைக்கூடைக்கு அங்கே 'வட்டி' என்றொரு பெயர், நமக்கோ கடன்தான் ஞாபகம் வரும். மலையாள எழுத்திலும் விவரத்தில் ஒரு வரி சேருங்கள்.

படத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றுங்கள். பணம் திருப்பித் தரும் விதி, தனியுரிமை, முகவரிப் பக்கங்கள் இல்லாமல் கேட்வே கணக்கைத் திறக்காது. கேஷ் ஆன் டெலிவரியை 629, 695 மண்டலங்களுக்கு மட்டும் விடுங்கள். திரும்பி வரும் பார்சலுக்குப் போக வர இரண்டு கட்டணமும் உங்கள் தலையில்தான்.

எதை எடுத்தாலும், முதல் வாரமே பொருள் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (வேறு மென்பொருளிலும் திறக்கும் அட்டவணைக் கோப்பு) இறக்கிப் பாருங்கள். வூகாமர்ஸ், ஷாப்பிஃபை இரண்டிலும் முடியும். அது முடியாத இடத்தில் அறுபது பொருளை ஏற்ற வேண்டாம்.