வெற்றிலை பாக்கு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? – நவராத்திரி கேள்வி பதில்

மகாளய அமாவாசை நெருங்கிவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் கொலுவைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை வந்தவற்றில் முதல் கடிதம் என்னை ரொம்பவே பாதித்துவிட்டது. அதனால் அதற்கான பதில் கொஞ்சம் நீளம், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டுக் கொலு அம்மாவின் கொலு. அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மரப்பாச்சி ஜோடிதான் மேல் படியில் நிற்கும். "இனி நீ வைக்கக் கூடாது, உன் பெண் வைக்கட்டும்" என்கிறார் அத்தை. போன வருஷம் ஒரு வீட்டில் அம்மா கையில் சுண்டலை மட்டும் கொடுத்துவிட்டு, குங்குமச் சிமிழை என் பக்கம் திருப்பினார்கள். அதற்குப் பிறகு அம்மா யார் வீட்டுக் கொலுவுக்கும் வர மறுக்கிறார். நான் என்ன செய்ய? – ஒரு வாசகி, திருச்சி

உங்கள் அம்மாவே வைக்கட்டும், கலசமும் அவர் கையாலேயே வைக்கட்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

துக்கம் நடந்த வருஷம் பண்டிகை கொண்டாடுவதில்லை என்பது பல வீடுகளில் உள்ள வழக்கம். அது அந்த வீட்டு ஆண், பெண், பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. வருஷம் திரும்பியதும் ஆண்கள் தீபாவளிக்குப் புது வேட்டி கட்டிக்கொள்கிறார்கள், பிள்ளைகள் வெடி வெடிக்கிறார்கள். அந்த ஒருத்திக்கு மட்டும் ஆயுசு முழுக்கப் பூவும் குங்குமமும் கிடையாது என்றால், அதைத் துக்கம் என்று சொல்ல என் வாய் வரவில்லை. அது தண்டனை. அதையும் அம்பாளைக் கொண்டாடும் ஒன்பது நாளில் அவள் படிக்கட்டுக்கு முன்னாலேயே கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

சாஸ்திரம் என்று யாராவது ஆரம்பித்தால் அவர்களிடம் தூமாவதியைப் பற்றிக் கேளுங்கள். தச மகாவித்யைகள் என்று தேவியின் பத்து வடிவங்களைச் சொல்கிறோமே, அவர்களில் ஒருத்தி அவள். கைம்பெண் கோலம், கையில் முறம், காக்கை பொறித்த கொடி. காசியில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. நம் ஊர்ச் சிவன் கோயில்களிலும் பாருங்கள். அறுபத்து மூவர் வரிசையில் எல்லாரும் நின்றுகொண்டிருக்க, உட்கார்ந்திருப்பவர் காரைக்கால் அம்மையார் ஒருவர்தான். புருஷன் விட்டுப் போன பெண், அழகெல்லாம் வேண்டாம் என்று பேய் உருவம் கேட்டு வாங்கியவர். அவரைத்தான் ஈசன் "அம்மையே" என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது.

நீங்கள் திருச்சிக்காரர், சமயபுரத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாள், மாரியம்மன் தன் பிள்ளைகளுக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் இவ்வளவுதான். எந்தப் பிள்ளை கழுத்தில் தாலி இருக்கிறது என்று பார்த்தா அவள் பட்டினி கிடக்கிறாள்?

என் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன், பிடித்தால் நீங்களும் செய்யுங்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, ரவிக்கைத் துணி எல்லாவற்றையும் வைத்து, வருகிற எல்லாப் பெண்களிடமும் ஒரே மாதிரி நீட்டுவேன். வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். சிலர் பூவை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிடுவார்கள், அது அவரவர் விருப்பம். எடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்கிற வேலை தட்டு நீட்டுகிறவளுக்கு இல்லை.

அத்தையோடு மல்லுக்கு நிற்காதீர்கள். முதல் நாள் சாயங்காலம் அவரையே முதலில் அழைத்து உட்காரவைத்து, உங்கள் அம்மா கையால் தாம்பூலம் கொடுக்கச் சொல்லுங்கள். அம்மா கொடுக்கும் தாம்பூலத்தை வேண்டாம் என்று எழுந்து போக அவருக்கு மனசு வராது என்று நினைக்கிறேன். வந்தால் வரட்டும், நீங்கள் அடுத்தவருக்குக் கொடுங்கள்.

நவராத்திரிக்கு நாகர்கோவில் பக்கமிருந்து சாமிகள் திருவனந்தபுரம் போவதாகக் கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடம் போகும் என் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. எங்கே நின்று பார்க்கலாம்? – வாசகர், சென்னை

என் ஊரைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். நான் சுசீந்திரத்துக்காரி.

எங்கள் ஊர் முன்னுதித்த நங்கை, வேளிமலை குமாரசாமி, பத்மநாபபுரம் அரண்மனையின் பூஜை இடமான தேவாரக்கெட்டில் இருக்கும் சரஸ்வதி அம்மன், இந்த மூவரும்தான் போகிறவர்கள். நங்கை முந்தின நாளே சுசீந்திரத்திலிருந்து பல்லக்கில் கிளம்பி பத்மநாபபுரம் சேர்ந்துவிடுவாள். மறுநாள் காலை அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கும். பிறகு சரஸ்வதி யானைமேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் ராத்திரி குழித்துறையில் தங்கல், இரண்டாம் ராத்திரி நெய்யாற்றின்கரையில். சரஸ்வதி, கம்பர் பூஜித்த விக்கிரகம் என்று வழிவழியாகச் சொல்வார்கள்.

திருவிதாங்கூர்த் தலைநகரம் பத்மநாபபுரத்தில் இருந்தவரை பூஜையும் அங்கேயே நடந்தது. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. பின்னால் நவராத்திரியும் போனது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பயணம் நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இந்தப் பக்கத்தார் அனுப்பிவைக்க, அந்தப் பக்கத்தார் எதிர்கொண்டு வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை செய்யும். பிள்ளைகள் அதைக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள்.

கூட்டம் பயமென்றால் பத்மநாபபுரத்தில் நிற்காதீர்கள். தக்கலை தாண்டிச் சாலையோரம் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நில்லுங்கள். குத்துவிளக்கும் பழத்தட்டுமாக ஜனங்கள் காத்திருப்பார்கள், உங்களுக்கும் இடம் கொடுப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் சரஸ்வதியை வைக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது சாயங்காலமும் கச்சேரி. நாளுக்கு ஒன்றாகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் கிருதிகள், கைதட்டல் கூடாது. முதல் நாள் சங்கராபரணத்தில் "தேவி ஜகஜ்ஜனனி". இவ்வளவும் அம்பாளைப் பாடும் பாட்டுதான். ஆனால் அந்த மண்டபத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பாட 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாறசாலை பொன்னம்மாள் அம்மாதான் அந்தக் கதவைத் திறந்தவர். அவர் பாடினார், ஒரு குறையும் வரவில்லை, அதற்குப் பின்னும் பூஜை வருஷம் தவறாமல் நடக்கிறது. திருச்சி வாசகியின் அத்தைக்கும் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பெங்களூரில் ஒரு படுக்கையறை வீடு, இரண்டு பேருக்கும் வேலை. கொலு வைக்க ஆசை. குறைந்தது ஏழு படி வேண்டுமாமே? – வாசகி

வேண்டாம். ஒற்றைப்படையாக இருந்தால் போதும், மூன்றே படி வையுங்கள். மரப்பாச்சி, கலசம், ஒரு செட்டியார் கடை, உங்கள் ஊரை நினைவூட்டும் ஏதாவது இரண்டு பொம்மை. ஒன்பது நாளும் ஆட்களை அழைக்க முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையும் சனி ஞாயிறும் அழையுங்கள். மற்ற நாட்களில் விளக்கேற்றி ஒரு பாட்டு. குமரகுருபரரின் சகலகலாவல்லி மாலை பத்தே பாட்டு. அபிராமி அந்தாதி நூறையும் நாளுக்குப் பதினொன்று, கடைசி நாள் பன்னிரண்டு என்று பிரித்துக்கொண்டால் முடிந்துவிடும்.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலையை ராத்திரி படுக்கும் முன் ஊறப்போடுங்கள். ஆபீஸ் விட்டு வந்து குக்கரில் வைத்தால் ஆயிற்று. ஊறப்போட மறந்த அன்று பாசிப்பருப்புச் சுண்டல், அரை மணி ஊறினால் போதும். குழைய விடாமல் மலர்ந்ததும் வடித்துவிடுங்கள். தேங்காய்த் துருவலை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள்.

நவராத்திரி நடுவில் மாதவிலக்கு வந்தால்? – பெயர் வேண்டாம், மதுரை

உடம்பு அசதியாக இருந்தால் படுத்து ஓய்வெடுங்கள். வீட்டில் வேறு கைகள் விளக்கேற்றட்டும். அசதி இல்லையென்றால் வந்தவரை உபசரியுங்கள், பாடுங்கள். அஸ்ஸாமில் காமாக்யா கோயிலில் தேவிக்கே மாதவிலக்கு என்று வருஷத்துக்கு ஒரு முறை மூன்று நாள் நடை சாத்தி, பிறகு திறந்து பெருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். கேரளத்துச் செங்கன்னூரிலும் பகவதிக்கு அப்படி ஒரு விழா உண்டு. உங்கள் வீட்டில் பெரியவர்கள் பூஜை இடத்தை மட்டும் விட்டு விலகி இருக்கச் சொன்னால் அதற்கு இணங்குவதும் இணங்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் வயசுக்கு வந்த பெண்ணை அறைக்குள் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் பிள்ளை கூசிப்போகும்.

இது பெண்கள் பண்டிகைதானே, ஆண்களுக்கு என்ன வேலை? – வாசகர், கோவை

பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்குங்கள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், பாத்திரம் தேயுங்கள். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கு ஒரு முறை போய்விட்டும் வாருங்கள். வாட்டசாட்டமான ஆண்கள் வாரக்கணக்கில் விரதமிருந்து, காப்புக் கட்டி, காளி வேஷம் போட்டு, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி அம்மனுக்குச் செலுத்துகிறார்கள். அதைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி உங்களுக்கு எழாது.

உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கலாமா? ஆற்றில் விட்டுவிடுவதா? – வாசகி, திண்டுக்கல்

விரல் நுனி போனது, சாயம் உதிர்ந்தது என்றால் ஒட்டி வண்ணம் பூசி வையுங்கள். உங்களுக்குப் பக்கத்தில்தான் மதுரை விளாச்சேரி. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்யும் வேளார் குடும்பங்கள் இருக்கின்றன. கொலு முடிந்ததும் அதே கைகள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் குழந்தையும் செய்யும். பழுது பார்த்துத் தருவார்களா என்று நேரில் கேட்டுப் பாருங்கள். வாங்குவதாக இருந்தால் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

சாமி பொம்மை தலையே போய்விட்டது என்றால் வைக்க வேண்டாம். ஆற்றில் விடவும் வேண்டாம். சுட்ட மண் தண்ணீரில் கரையாது, பிளாஸ்டர் பொம்மையின் சாயம் தண்ணீரைக் கெடுக்கும். சுட்ட மண்ணை உடைத்துச் செடித் தொட்டிகளின் அடியில் போடுங்கள், தண்ணீர் வடிய உதவும். காகிதக்கூழ் பொம்மைக்கு எதிரி ஈரம்தான். அதைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பெட்டியில் நாலு துண்டு வசம்பு போட்டு வையுங்கள். எந்தப் பெட்டியில் எது என்று வெளியில் எழுதி ஒட்டிவிட்டால் அடுத்த வருஷம் தசாவதார செட்டில் கூர்மத்தைத் தேடி எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டியிருக்காது.