பாப் மார்லியின் 'சர்வைவல்' ஏன் அரசியல் ஆல்பம்?

ஜமைக்காவின் ரெக்கே இசை என்றாலே கடற்கரைப் பாட்டுதானே, அந்நாட்டுப் பாடகர் மார்லியின் 'சர்வைவல்' மட்டும் எப்படி அரசியல் ஆனது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அட்டையைப் பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகளின் கொடிகள் வரிசையாக இருக்கும். தலைப்புக்குப் பின்னால் ஒரு பட்டை. அது புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் வரைபடம். உற்றுப் பார்த்தால், மனிதர்களை மூட்டைகளைப் போல நெருக்கிக் கிடத்தியிருப்பது தெரியும். எனக்கு அதுவே பாதி ஆல்பம்.

1979இல் இது வெளிவந்தபோது, ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்துப் போர் நடந்துகொண்டிருந்தது. 'ஜிம்பாப்வே' பாடல் அந்தப் போராளிகளுக்கானது. உள்ளுக்குள் அதிகாரச் சண்டை வேண்டாம் என்றும் அது எச்சரிக்கிறது. 1980 ஏப்ரலில் நாடு விடுதலை பெற்ற விழாவில், ரூஃபாரோ மைதானத்தில் மார்லியே பாடினார். வெளியே திரண்ட மக்கள்மீது போலீஸ் வீசிய கண்ணீர்ப்புகை மைதானத்துக்குள்ளும் பரவியது. மறுநாள் அவர்களுக்காக மீண்டும் பாடினார்.